தண்ணீர்க் குடமும் அரச முத்திரையும்: திருமலைத் தாதாசாரியர் குடும்பம் கட்சியான வரலாறு

ஒரு சமயக் குடும்பத்தின் உபதேசம் தலைமுறைகள் கடந்து கட்சி அரசியலாக மாறும்போது, அதனை ஒழுக்கச் சரிவாக விளக்கிவிடுவது எளிது. முன்னோர் தூயவர், பின்னோர் பதவியாசை கொண்டவர் என்று சொல்லி ஏட்டை மூடிவிடலாம். அவ்விளக்கம் மனத்துக்கு நிறைவு தரும். வரலாற்றுக்கு அது போதாது. உபதேசத்தை மாற்றியவை யாவை, எந்தக் கட்டத்தில் மாற்றின, மாறிய பின்னும் பழைய சொற்களே வழங்கியது ஏன் என்னும் வினாக்களுக்கு அதில் விடையில்லை.

இவ்வினாக்களை எழுப்பிப் பார்ப்பதற்குத் திருப்பதியும் சந்திரகிரியும் சேர்ந்த நிலப்பகுதி அரிய சான்றுகளை வைத்திருக்கிறது. திருமலையில் தொடங்கி, விஜயநகர அரண்மனைக்குள் நுழைந்து, சந்திரகிரியில் உச்சம் தொட்டு, காஞ்சிபுரத்தில் நீதிமன்ற வழக்காக முடிந்த தாதாசாரியர் குடும்பத்தின் வரலாறு அது. குருபரம்பரை நூல்கள், கல்வெட்டுகள், செப்பேடுகள், யேசு சபையினரின் கடிதங்கள், சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்புகள் என ஒன்றோடொன்று முரண்படும் ஆவணங்கள் இக்குடும்பத்தைப் பற்றிப் பேசுகின்றன. அவற்றை அடுத்தடுத்து வைத்துப் படிக்கும்போது, மாற்றம் நான்கு படிகளில் நிகழ்ந்தது தெளிவாகிறது.

1. குடம்

குடும்பத்தின் மூலவர் பெரிய திருமலை நம்பி. ஸ்ரீசைலபூர்ணர் என்பது அவருடைய வடமொழிப் பெயர். ஆளவந்தாரின் சீடர், இராமானுசருக்குத் தாய்மாமன். வைணவ மரபு அவரை இரு செயல்களால் நினைவுகூர்கிறது. முதலாவது, திருமலையில் தொலைவான தீர்த்தத்திலிருந்து திருமஞ்சனத்துக்கு நாள்தோறும் நீர் சுமந்தது. இரண்டாவது, அடிவாரத்தில் இராமானுசருக்கு ஓராண்டுக் காலம் இராமாயணத்தின் உட்பொருளை உரைத்தது.

தாதாசாரியர் என்னும் குடும்பப் பெயருக்கும் மரபு ஒரு கதையைச் சொல்கிறது. நீர் சுமந்து வந்த நம்பியை ஒரு வேடச் சிறுவன் 'தாதா' என்று அழைத்துத் தாகத்துக்குத் தண்ணீர் கேட்டானாம். நம்பி மறுத்தார், அது இறைவனுக்குரிய நீர். சிறுவன் குடத்தில் துளையிட்டு நீரைக் குடித்துவிட்டு, அம்பு எய்து அருகிலேயே ஆகாச கங்கையை வரவழைத்துக் கொடுத்து மறைந்தான். வந்தவன் திருவேங்கடமுடையானே என்பது கதையின் முடிவு. இது தொன்மம், எனினும் இதிலுள்ள விளிச்சொல் கவனிக்கத்தக்கது. வடமொழியில் 'தாத' என்பது தந்தையையும் அன்புக்குரியவரையும் குறிக்கும். தெலுங்கில் 'தாத' பாட்டன்; தமிழில் தாத்தா. மூன்று மொழிகள் கலந்து வழங்கும் மலையில், மூன்று மொழியாரும் தத்தம் பொருளில் உணரக்கூடிய ஓர் உறவுச்சொல் குடும்பத்தின் பெயராயிற்று. இறைவனே உறவுமுறை சொல்லி அழைத்த குடும்பம் என்னும் பெருமிதத்தின் வித்து இப்பெயரிலேயே இருக்கிறது.

முதல் தலைமுறையின் செய்தியை மூன்று கூறுகளாகச் சுருக்கலாம்: உடலுழைப்பாகச் செய்யும் தொண்டு, சரணாகதி நூலாக வாசிக்கப்பட்ட இராமாயணம், தமிழ் வேதத்தின் உயர்வு. மூன்றாவது கூறு பெரும்பாலும் மறக்கப்படுகிறது. திருவாய்மொழிக்கு எழுந்த முதல் விரிவான உரையாகிய ஆறாயிரப்படியை இயற்றிய திருக்குருகைப்பிரான் பிள்ளானை நம்பியின் திருக்குமாரர் என்றே மரபு கூறுகிறது. தமிழும் வடமொழியும் கலந்த மணிப்பிரவாள நடையில் அமைந்த அவ்வுரை, ஆழ்வார் பாசுரத்தை உபநிடதத்துக்கு நிகரான விளக்கத்துக்குரிய நூலாக உயர்த்தியது. ஆக, பின்னாளில் 'வடக்கு' என்றும் 'தெற்கு' என்றும் பிரிந்து வழக்காடியவை, இக்குடும்பத்தின் தொடக்கத்தில் ஒரே உரைநடைக்குள் பிணைந்திருந்தன.

2. வட்டாரம்: சந்திரகிரியும் படையலும்

இரண்டாம் படியைப் புரிந்துகொள்ளக் குடும்பத்தைச் சற்று ஒதுக்கிவிட்டு வட்டாரத்தைப் பார்க்க வேண்டும். திருப்பதியிலிருந்து சுமார் 12 கிலோமீட்டரில் உள்ளது சந்திரகிரிக் கோட்டை. நெடுங்காலம் சித்தூர் மாவட்டத்தில் இருந்து, 2022 ஏப்ரலில் உருவான திருப்பதி மாவட்டத்தில் சேர்ந்தது. 15ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இக்கோட்டையே சாளுவ நரசிம்மரின் தளம். விஜயநகரத்தின் மாகாணத் தலைவராக இருந்து 1485இல் அரியணையைக் கைப்பற்றியவர் அவர்.

சாளுவ நரசிம்மர் திருமலைக்கும் திருப்பதிக்கும் அளித்த கொடைகள் கந்தாடை இராமானுஜ ஐயங்கார் என்பவர் வழியாகச் சென்றன. அடியார்களுக்கு உணவளிக்கும் இராமானுஜகூடங்களின் பொறுப்பு அவரிடம் தரப்பட்டது. கந்தாடைக் குடும்பமோ இராமானுசரின் மருமகனாகிய முதலியாண்டான் வழியில் வந்தது. அந்தணரல்லாத சாத்தாத வைணவர்களுக்கு அவர் தம் பொறுப்பின் வழியே பங்கும் இடமும் பெற்றுத் தந்தார். மானிடவியலாளர் அர்ஜுன் அப்பாதுரை 1970களில் இச்சான்றுகளைக் கொண்டு ஒரு கருத்தை முன்வைத்தார்: புதிய நிலத்தில் வேரூன்ற விரும்பிய போர்த்தலைவனுக்கு உள்ளூர் மக்களிடம் செல்வாக்குள்ள சமயத் தலைவர் தேவைப்பட்டார், சமயத் தலைவருக்கோ கோயில் வளங்களின்மீது அதிகாரம் தேவைப்பட்டது. கொடை இருவரையும் இணைத்தது.

அக்கொடை செயற்பட்ட முறையைத் திருமலைக் கல்வெட்டுகளே விளக்குகின்றன. தேவஸ்தானம் வெளியிட்ட கல்வெட்டுத் தொகுதிகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாசனங்கள் உள்ளன, பெரும்பாலானவை தமிழ். ஒருவர் பொன்னோ ஊரோ கொடுத்தால், அதன் வருவாயைக் கொண்டு இன்ன நாளில் இன்ன படையல் செய்யப்பட வேண்டும் என்று சாசனம் விதிக்கும். படைத்த பிரசாதத்தில் நான்கில் ஒரு பங்கு பெரும்பாலும் கொடையாளருக்கு உரியது. அதன் பெயர் 'விட்டவன் விழுக்காடு'. இப்பங்கைக் கொடையாளர் தாமே பெறலாம், வேறொருவருக்கு மாற்றலாம், சந்ததியாருக்கு விடலாம். கொடைப் பணம் ஏரிகளிலும் கால்வாய்களிலும் இடப்பட்டுக் கோயிலூர்களின் விளைச்சலைப் பெருக்கியதை வரலாற்றாசிரியர் பர்ட்டன் ஸ்டைன் எடுத்துக்காட்டியுள்ளார்.

இவ்வமைப்பில் அருளுக்கும் அளவை வந்துவிட்டது. யாருக்கு எத்தனை நாழிப் பிரசாதம், எந்த வரிசையில் தீர்த்தம், யாருக்கு முதல் பரிவட்டம் என்பன கல்லில் பொறிக்கப்பட்டன. பொறிக்கப்பட்டது சொத்தாகிறது, சொத்துக்கு வாரிசு தேவைப்படுகிறது. உபதேசத்தைச் சீடன் எவனும் பெறலாம். விழுக்காட்டை மகனே பெறுவான்.

அதே மலையில் வாழ்ந்த தாள்ளபாக்கக் குடும்பத்தின் வரலாறும் இதற்கு ஒப்பீடாக உதவும். பேரர் எழுதிய வாழ்க்கை வரலாற்றின்படி, அன்னமாசாரியர் (1408-1503) சாளுவ நரசிம்மரைப் பாட மறுத்து விலங்கிடப்பட்டார். அவர் மகன் பெத்த திருமலாசாரியரோ அச்சுதராயர் காலத்தில் ஊர்களைக் கோயிலுக்குக் கொடையாகத் தரும் அளவுக்குச் செல்வம் பெற்றிருந்தார். தந்தையின் பாடல்களை இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட செப்பேடுகளில் பொறித்துக் கோயிலுக்குள்ளேயே ஒரு பண்டாரத்தில் சேமித்ததும் அச்செல்வமே. செல்வம் இல்லையேல் பாடல் எஞ்சியிராது. ஆகையால், அரசு ஆதரவைக் கறையென்று மட்டும் சொல்லி ஒதுக்க இயலாது. ஒரு குடும்பம் அவ்வாதரவைக் கொண்டு எதனைக் காத்தது என்பதைத்தான் தனித்தனியே ஆராய வேண்டும்.

3. முத்திரை

தாதாசாரியர் குடும்பம் அரண்மனைக்குள் நுழைந்ததைப் பிரபந்நாம்ருதம் என்னும் வடமொழி நூல் கதையாகச் சொல்கிறது. விஜயநகர மன்னன் விரூபாட்சன் தன் சுற்றத்தாரைக் கொன்று அரியணை ஏறினான். கொல்லப்பட்டோர் பேய்களாகி அரண்மனையைப் பிடித்துக்கொண்டனர். எட்டூரைச் சேர்ந்த நம்பி வம்சத்துச் சகோதரர் இருவர் அங்கே இராமாயணம் வாசிக்க, பேய்கள் அதனைக் கேட்டு விடுதலை பெற்றன. வியந்த மன்னன் அவர்களுக்குச் சீடனானான். அரச முத்திரையில் விரூபாட்சரின் பெயர் நீங்கி இராமன் பெயர் ஏறிற்று.

இக்கதையை நிகழ்ச்சிக் குறிப்பாக எடுத்துக்கொள்ள முடியாது. பிந்தைய அரசர்களின் செப்பேடுகளிலும் 'ஸ்ரீ விரூபாட்ச' என்னும் ஒப்பம் தொடர்ந்தது. எனினும், குடும்பம் தன் வரலாற்றை எவ்வாறு சொல்லிக்கொள்ள விரும்பியது என்பதற்கு இது தலைசிறந்த சான்று. நம்பி இராமாயணம் உரைத்தது ஒரு மாணவருக்கு. பயன், அவருடைய தெளிவு. எட்டூர்ச் சகோதரர் வாசித்தது ஓர் அரண்மனையில். பயன், அரியணையின் பழி நீக்கம். நூல் அதேதான், வாசிப்போரும் அதே வம்சத்தார்தாம். கேட்போர் மாறினர், அதனோடு வாசிப்பின் பணியும் மாறியது. குற்றம் செய்து வென்றவனுக்குத் தகுதி வழங்கும் ஆற்றல் உபதேசத்துக்கு வந்து சேர்ந்தது.

16ஆம் நூற்றாண்டில் அடுத்த கட்டம். இராமராயர் காலத்தில் அரசகுருவாக விளங்கியவர் பஞ்சமதபஞ்சனம் தாதாசாரியர். ஐந்து மதங்களை முறியடித்தவர் என்பது அப்பட்டத்தின் பொருள். பாட்டனாரின் பெயர் ஓர் உறவுச்சொல்லால் அமைந்தது; பேரனாரின் பட்டம் ஒரு வெற்றிச்சொல்லால் அமைந்தது. சிதம்பரத்தில் கோவிந்தராசர் திருமேனியை மீண்டும் நிறுவிய விவகாரம், சோளிங்கபுரத்துத் தொட்டயாசாரியருக்கும் அத்வைதியும் சிவபக்தருமான அப்பய்ய தீட்சிதருக்கும் இடையே நூல் வழியாக நடந்த வாதம் என அக்காலத்துச் சைவ, வைணவப் பூசல்கள் பலவும் அரசவையின் ஆதரவை நாடி நிகழ்ந்தன. தீட்சிதர் மரபில் வழங்கும் கதைகளில் தாதாசாரியர் சூழ்ச்சிக்காரராக வருகிறார். அக்கதைகளும் கட்சிக் கதைகளே. அவற்றையும் அப்படியே ஏற்க வேண்டியதில்லை. வாதத்தில் தோற்பது அரசவையில் இடம் இழப்பதாகவும் ஆகிவிட்ட காலத்தில், எதிராளியை ஞானமற்றவர் என்று சொல்வதோடு நில்லாமல் தீயவர் என்றும் சொல்ல நேர்ந்தது என்பதே அவை உணர்த்தும் செய்தி.

உச்சம் சந்திரகிரியில் நிகழ்ந்தது. 1565ஆம் ஆண்டுப் போர்த் தோல்விக்குப் பின் பெனுகொண்டாவுக்கு நகர்ந்த பேரரசின் தலைமை, இரண்டாம் வேங்கடபதிராயர் காலத்தில் 1590களில் சந்திரகிரிக்கு வந்தது. திருவேங்கடமுடையானின் மலையடிவாரமே இப்போது தலைநகர். குலகுருவாகிய தாதாசாரியர் வேங்கடபதிக்கு முடிசூட்டியதாக அவருடைய செப்பேடுகள் கூறுகின்றன. அச்செப்பேடுகளின் ஒப்பம் 'ஸ்ரீ வேங்கடேச' என்பது. அவருடைய பொற்காசுகளில் வேங்கடேசர் உருவம் பொறிக்கப்பட்டது. எட்டூர்ச் சகோதரர் கதை சொன்ன முத்திரை மாற்றம், ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குப் பின் இவ்வாறு வேறு பெயரில் மெய்யாயிற்று.

எட்டூர்க் குமார தாதாசாரியர் எனப்படும் இலட்சுமிகுமார தாதாசாரியர் இக்காலத்தவர். கோடி கன்னிகாதானம் என்பது அவருடைய பட்டம். காஞ்சிபுரம் வரதராசர் கோயிலின் ஸ்ரீகாரியம் அவரிடம் இருந்தது. பெருந்தேவித் தாயாரின் கல்யாணகோடி விமானத்துக்கு 1614இல் பொன்வேய்ந்ததைக் கல்வெட்டுச் சொல்கிறது. காஞ்சிக்கு அருகே ஐயங்கார்குளத்தில் அவர் வெட்டுவித்த தாதசமுத்திரம் என்னும் பெரிய ஏரியும், அதன் கரையில் சஞ்சீவிராயர் கோயிலும் இன்றும் உள்ளன. அனுமனைப் போற்றி அவர் இயற்றிய இருபது சுலோகங்கள் அக்கோயிலில் பொறிக்கப்பட்டுள்ளன. மூலவர் தோளில் நீர் சுமந்தார். வழித்தோன்றல் ஏரி வெட்டினார். இரண்டும் நீர்த்தொண்டே. ஆனால் ஏரிக்கு ஆட்சியதிகாரம் வேண்டும்.

இக்காலத்தைப் பற்றி இரு வகை எழுத்துச் சான்றுகள் உள்ளன. மன்னர் நாட்டையே குருவிடம் ஒப்படைத்துவிட்டுப் பக்தியில் ஈடுபட்டார் என்று குடும்பச் சார்பான மரபு பெருமிதம் கொள்கிறது. 1590களின் இறுதியிலிருந்து சந்திரகிரிக்கு வந்து தங்கிய யேசு சபையினரோ, அரசகுருவின் செல்வத்தையும் வாழ்க்கை முறையையும் கடுமையாகச் சாடித் தம் கடிதங்களில் எழுதினர். ஆரவீடு வம்சத்தைப் பற்றி 1927இல் நூல் எழுதிய ஹென்றி ஹெராஸ் அக்கடிதங்களைப் பெரிதும் பயன்படுத்தினார். அவரும் யேசு சபைத் துறவியே. போட்டிச் சமயத்தாரின் கண்டனத்தை நடுநிலைச் சாட்சியமாகக் கொள்ளலாகாது. எனினும் இரு தரப்பும் ஒன்றில் உடன்படுகின்றன: குருபீடம் அரசு அதிகாரத்தின் ஒரு பகுதியாகிவிட்டது. ஒருவர் அதனைப் புகழாகவும் மற்றவர் இகழாகவும் சொல்கின்றனர்.

4. கட்சி

1614 அக்டோபரில் வேங்கடபதி இறந்தார். வாரிசுரிமைப் போர் மூண்டது. புதிய மன்னர் ஸ்ரீரங்கரும் குடும்பத்தாரும் கொல்லப்பட்டனர். எஞ்சிய ஒரு மகனைக் காப்பாற்றிய யாசம நாயக்கர் தரப்புக்கும் ஜக்கராயர் தரப்புக்கும் 1616இல் தோப்பூரில் போர் நடந்தது. அடுத்த சில பத்தாண்டுகளில் பேரரசு கரைந்தது. விமானத்தில் பொன் ஏறியதும் அரண்மனையில் விளக்கு அணைந்ததும் ஒரே ஆண்டில் நிகழ்ந்தன.

அரசன் போனான், அவனிடமிருந்து வந்த உரிமைகள் எஞ்சின. இனி அவற்றை எதைக் கொண்டு காப்பது? இவ்வினாவே நான்காம் படியின் வாயில்.

வடகலை, தென்கலை என்னும் பெயர்களை இங்கே நுணுக்கமாக நோக்க வேண்டும். 'கலை' என்பது முதலில் கல்வித்துறையைக் குறித்தது. வடமொழி நூல்களில் ஊன்றியது வடகலை, ஆழ்வார் பாசுரங்களில் ஊன்றியது தென்கலை. வேதாந்த தேசிகரும் (1268-1369) பிள்ளை உலகாசிரியரும் சரணாகதியின் தன்மை பற்றி வேறுபட்ட கருத்துகள் கொண்டிருந்தனர். எனினும் அவர்கள் காலத்தில் இவை பிறப்பால் வந்து சேரும் இரு கூட்டங்களின் பெயர்களாக இல்லை. தேசிகர் தமிழில் பாடியவர். மணிப்பிரவாளத்தில் பல நூல்கள் எழுதியவர். தென்கலை ஆசாரியர்கள் வடமொழிப் புலமையில் குறைந்தவர் அல்லர். கருத்து வேறுபாடு கூட்டப் பிரிவாக இறுகியது விஜயநகரத்தின் பிற்காலத்திலும் அதன் வீழ்ச்சிக்குப் பின்னும்தான். நெற்றியிலிடும் திருமண்ணின் வடிவமும், பிரபந்த சேவைக்குமுன் எந்த ஆசாரியரின் தனியனைச் சொல்வது என்பதும் அப்போது அடையாளங்களாயின.

இறுகியதற்கு ஆசாரிய புருஷர் என்னும் அமைப்பும் ஒரு காரணம். துறவியாகிய ஜீயரின் பீடம் தகுதி நோக்கித் தேர்ந்தெடுக்கப்பட்டவருக்குப் போகும். ஆசாரிய புருஷரின் பீடமோ மகனுக்குப் போகும். சீடர்களும் அவ்வாறே குடும்பம் குடும்பமாகத் தொடர்வர். தந்தை யாரிடம் பஞ்ச சம்ஸ்காரம் பெற்றாரோ அவர் மகனிடம் மகன் பெறுவான். குருவும் பிறப்பால், சீடனும் பிறப்பால் என்றானபின், சீடர் கூட்டம் கருத்தால் இணைந்த குழுவாக இல்லாமல், எண்ணிக் காட்டக்கூடிய ஆதரவுத் தொகுதியாகிறது.

காஞ்சியில் அதிகாரச் சமநிலையும் மாறியது. 17ஆம் நூற்றாண்டின் இறுதியில், படையெடுப்புக்கு அஞ்சி வரதராசர் திருமேனி உடையார்பாளையத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டது. 1710இல் அதனை மீட்டுவந்தவர் தென்கலைத் துறவியாகிய ஆத்தான் ஜீயர். ஆர்க்காட்டு ஆட்சியின் தளபதி லாலா தோடர்மால் அவருக்குத் துணை நின்றார். கோயிலிலுள்ள கல்வெட்டு இதனைப் பதிவு செய்திருக்கிறது. திருமலைக் கோயிலிலும் தோடர்மால் குடும்பத்தாரின் உலோக உருவங்கள் நிற்கின்றன. அதே கோயிலில் வேங்கடபதிராயரின் உருவமும் நிற்கிறது. ஒரு தரப்பு வேங்கடபதியிடமிருந்து உரிமை பெற்றதெனில், மறு தரப்பு தோடர்மால் வழியாகப் பெற்றது. உபதேசத்தின் வேறுபாட்டைவிடப் புரவலரின் வேறுபாடு இங்கே கூடுதலாகப் பேசுகிறது.

ஆங்கிலேயர் ஆட்சியில் மூன்றாவது புரவலர் வந்தார்: நீதிமன்றம். 1817ஆம் ஆண்டின் ஏழாம் ஒழுங்குவிதி கோயில்களை வருவாய் வாரியத்தின் மேற்பார்வையில் வைத்தது. பின்னர்க் கும்பினி கோயில்களிலிருந்து விலகியபோது, 1843இல் திருமலை நிர்வாகம் வட இந்திய மரபைச் சேர்ந்த ஹாத்திராம்ஜி மடத்து மகந்துகளிடம் சென்றது. நம்பியின் மலையில் நிர்வாகம் அவருடைய வழித்தோன்றல்களிடம் இல்லை. காஞ்சியிலோ தாதாசாரியர்கள் பரம்பரை அறங்காவலர்களாக நீடித்தனர். அங்கே பிரபந்த சேவையின் அத்யாபக மிராசு யாருக்கு, எந்தத் தனியனைச் சொல்லித் தொடங்குவது என்னும் வழக்குகள் தொடர்ந்தன. 1882இல் சென்னை உயர் நீதிமன்றம் அத்யாபக மிராசைத் தென்கலையாரின் தனியுரிமையாக ஏற்றது. தோற்ற தரப்பினர் தாதாசாரியர்கள். வழக்குகள் அத்தோடு நிற்கவில்லை. இந்த நூற்றாண்டிலும் அதே வினா நீதிமன்றத்துக்கு வந்திருக்கிறது.

இத்தீர்ப்பின் உள்முரணை வரலாற்றாசிரியர்கள் போதிய அளவு பேசவில்லை. திருவாய்மொழிக்கு முதல் உரை எழுதிய பிள்ளானைத் தம் முன்னோராகச் சொல்லும் குடும்பம், திருவாய்மொழியைக் கோயிலில் கூட்டமாக ஓதும் உரிமைக்கு வழக்காடித் தோற்றது. பாசுரத்தின் பொருளைப் பற்றி நீதிமன்றத்தில் எவரும் வாதிடவில்லை, வாதிடவும் வழியில்லை. நீதிபதிக்கு விளங்கக்கூடியது வழக்காறும் அனுபோகமும் மட்டுமே. யார் எத்தனை ஆண்டுகளாக எந்த இடத்தில் நின்று ஓதினர் என்பதற்குச் சாட்சி கொண்டுவர வேண்டும். ஆகவே இரு தரப்பும் தம் சமயத்தை அனுபோகச் சான்றாக மொழிபெயர்த்துக் கொடுத்தன.

விஜயநகர மன்னர்கள் கோயில் பூசல்களில் தலையிட்ட முறைக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை அப்பாதுரை தம் பிற்கால நூலில் விளக்குகிறார். மன்னனின் ஆணை அந்த இடத்துக்கும் அந்தப் பூசலுக்கும் உரிய சமரசம். சூழல் மாறினால் ஆணையும் மாறலாம். நீதிமன்றத் தீர்ப்போ பொது விதியாக நின்று அடுத்த வழக்குக்கு முன்மாதிரியாகிறது. ஒரு தீர்ப்பை வெல்ல வேண்டுமாயின் முதலில் இரண்டு தெளிவான தரப்புகள் வேண்டும். இரண்டிலும் சேராதவர்களுக்கு வழக்கில் இடமில்லை. தமிழில் 'கட்சிக்காரர்' என்னும் சொல் வழக்காடுபவரையும் அரசியல் கட்சியைச் சேர்ந்தவரையும் ஒருசேரக் குறிப்பது இவ்வரலாற்றுக்குப் பொருத்தமான மொழிச் சான்று. நீதிமன்றம் சென்ற சமயக்குழு இரண்டு பொருளிலும் கட்சியாயிற்று.

படிகளின் தொடர்பு

நான்கு படிகளையும் இணைத்துப் பார்த்தால், ஒவ்வொன்றிலும் உபதேசத்தைச் சான்றளித்து ஏற்பவர் மாறியிருக்கிறார். முதலில் சீடர், பிறகு கொடையாளர், பிறகு அரசர், இறுதியில் நீதிபதி. ஏற்பவர் மாறும்போதெல்லாம், உபதேசத்தில் அவருக்கு விளங்கக்கூடிய பகுதி மட்டும் முன்னுக்கு வந்தது. சீடருக்குப் பொருள் விளங்கியது. கொடையாளருக்குப் பங்கு விளங்கியது. அரசருக்குத் தன் அரியணைக்குக் கிடைக்கும் தகுதி விளங்கியது. நீதிபதிக்கு அனுபோகம் விளங்கியது. எந்தத் தலைமுறையும் முன்னோரின் சொற்களைக் கைவிடவில்லை. கைங்கரியம், சம்பந்தம், மரியாதை, தனியன் ஆகியவை அப்படியே இருந்தன. தொண்டைக் குறித்த கைங்கரியம் உரிமைக்கும், பணிவைக் குறித்த மரியாதை பெற்றே தீரவேண்டிய பங்குக்கும் பெயராயின. சொல் மாறாமல் பொருள் மட்டும் மாறியதால், உள்ளிருப்போர்க்கு மாற்றம் தெரியவில்லை. பேரர் தம்மைப் பாட்டனாரின் வழி நிற்பவராகவே உண்மையில் நம்பினார்.

எனவே இவ்வரலாற்றில் 'இங்கே தவறியது' என்று சுட்டத்தக்க ஒரு தலைமுறை இல்லை. அடியார்க்குச் சோறிட அரசனின் ஊர் தேவைப்பட்டது. ஊரைக் காக்கச் சாசனம் தேவைப்பட்டது. சாசனத்தை நிலைநாட்ட வழக்கு தேவைப்பட்டது. ஒவ்வொரு செயலும் தன்னளவில் நியாயமானது. அவற்றின் கூட்டு விளைவே கட்சி.

இந்தப் பாதை ஒரு குடும்பத்தோடு முடிந்ததன்று. 1920களில் நீதிக்கட்சி ஆட்சி கொண்டுவந்த அறநிலையச் சட்டத்தையும், 1933இல் மகந்துகளின் நிர்வாகம் முடிந்து திருமலை திருப்பதி தேவஸ்தானம் அமைந்ததையும் தொடர்ந்து, கோயிலுக்கும் ஆட்சியாளருக்கும் இடைப்பட்ட இடம் பரம்பரைக் குருவிடமிருந்து நியமன உறுப்பினரிடம் சென்றது. இன்று ஆந்திரத்தில் ஆட்சி மாறும்போது அறங்காவலர் குழுவும் மாறுகிறது. ஆளும் கட்சி எதுவாயினும் இதுவே வழக்கம். சந்திரகிரியில் அரசனும் குருவும் வகித்த இரு இடங்களையும் இப்போது ஒரே கட்சி நிரப்புகிறது. குடும்பம் நீங்கியது, அது வகித்த இடம் நீங்கவில்லை.

மறுபுறம், எட்டூர்க் கிளையின் வரலாறே நம்பி வம்சத்தின் முழு வரலாறு ஆகிவிடாது. திருமலையில் ஆகாச கங்கைத் தீர்த்தத்தைத் திருமஞ்சனத்துக்குக் கொண்டுவரும் தொண்டு நம்பியின் வழியினரால் இன்றும் நடைபெறுகிறது. அத்யயன உற்சவத்தின் நிறைவில் தண்ணீரமுது உற்சவமாக அக்குடக் கதை ஆண்டுதோறும் நடித்துக் காட்டப்படுகிறது. அத்தொண்டும் பரம்பரை உரிமையே. அதற்கும் மரியாதை உண்டு. ஆனால் அது எவருடைய ஆட்சிக்கும் தகுதி வழங்கவில்லை. பரம்பரை என்பதே கட்சியாகிவிடுவதில்லை. அதிகாரத்துக்குச் சான்றளிக்கும் வேலையை ஏற்கும் பரம்பரையே கட்சியாகிறது. சமயக் குடும்பங்களின் அரசியலை ஆராயப் புகும் மாணவர்கள், அவை எந்த மேடையில் ஏறின என்று கேட்பதற்கு முன், எவருக்குச் சான்றளிக்கத் தொடங்கின என்று கேட்பது பயன் தரும்.